தோகை வண்டிக்குப் பின்னால்

இன்று காலை கேட்டைத் திறந்தபோது கம்பியில் ஒரு பச்சைக் கரும்புத் தோகை மாட்டிக்கொண்டிருந்தது. ஏதோ வண்டி உரசிக்கொண்டு போயிருக்கிறது. எடுத்து எறிய மனம் வரவில்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. தோகையைப் பார்த்தால் இன்னும் உன் மொபெட் சத்தம்தான் காதில் விழுகிறது.

ஆசிரியர் பயிற்சி முடித்ததும் எனக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. மலையில் தனியாக எப்படித் தங்குவது என்று திருக்கோவிலூர் வீட்டில், சேர வேண்டிய கடைசி நாள் வரை அழுதுகொண்டிருந்தேன். அன்று மாலை நான்கு மணிக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும். விடிந்தும் விடியாமல், என்னோடு பயிற்சியில் படித்த நீ மொபெட்டோடு வந்து நின்றாய்.

"ஏறுடி. சும்மா பாத்துட்டு வரலாம்."

உனக்குப் பூகோளம்தான் பாடம். அதனாலேயே யாரிடமும் வழி கேட்கமாட்டாய். வடக்கனந்தல் தாண்டிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் மட்டும் நெடுகக் கரும்புத் தோகை சிந்திக் கிடந்தது. "கரும்பு ஆலைக்குப் போவும். ஆலை பெரிய ரோட்டு மேல இருக்கும். புரியுதா?" என்றாய். எனக்கும் நன்றாகவே புரிந்தது. தோகையைப் பார்த்துக்கொண்டே போய், ஒரு மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றோம். ஓர் அம்மாள் வண்டியிலிருந்து தோகைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான்கு எருமைகள் நம்மையே பார்த்தன.

"இன்னாம்மா, யார் வூட்டுக்கு வந்தீங்க?"

நீ விளக்கினாய். அவர் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "கரும்புதாம்மா ஆலைக்குப் போவும். நுனித் தோகை மாட்டுக்கு வரும். மாட்டுத் தீனியப் புடிச்சிக்கினு வந்தா கொட்டாய்க்குத்தான் வருவீங்க! இன்னா வேல பாக்கறீங்க?"

"டீச்சருங்க" என்றாய், குரலைத் தாழ்த்தி. அவருக்குச் சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது.

பின்பக்கச் சந்து வழியாக நம்மை அவரே அழைத்துப்போனார். சந்து முடிந்த இடத்தில் கச்சிராயபாளையம் இருந்தது. மலையடிவாரத்தில் புதர்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அங்கேயோ வாய்க்காலில் அணைத் தண்ணீர் ஓடியது. துணி துவைக்கும் பெண்கள் எதிர்க்கரையை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் பூ வாங்கிக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் மலை, அந்தத் தெருவின் கடைசி வீடு போல, அத்தனை கிட்டத்தில் நின்றது.

ஊர் பிடித்திருந்தது. பயம் மட்டும் போகவில்லை. டீக்கடையில், "திரும்பிடலாம்டி. மேல என்னால தங்க முடியாது" என்றேன்.

நீ பன்னை டீயில் நனைத்தாய். "சேந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லு. பாக்காமயே சொன்னா, அதுவும் தோகையப் பாத்து ஆலைன்னு சொன்ன மாதிரிதான்."

கூடவே டீ குடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் குறுக்கிட்டார். "மேல இன்னாத்துக்குத் தங்கணும்? காலைல ஏறி சாயங்காலம் எறங்க பஸ் இருக்குதே. எங்க சந்துலயே ஒரு வூடு காலியாத்தான் கெடக்குது, டீச்சர்."

அந்த ஒரு வார்த்தையில் மலை பாதியாகக் குறைந்தது. மொபெட்டை அவர் கொட்டகையில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினோம். மூன்றரை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் இருபத்தெட்டு வருடம் அந்தச் சந்து வீட்டிலிருந்தே அந்த பஸ்ஸில் ஏறி இறங்கினேன். லீவுக்கு நீ வரும்போதெல்லாம் அந்த அம்மாள், "ஆலைக்கு வழி தெரிஞ்சிதா டீச்சர்?" என்பார். "இன்னும் இல்லீங்க" என்று கடைசிவரை நீயும் சலிக்காமல் சொன்னாய்.

வகுப்பில் பிள்ளைகள் விடையைத் தவறாகச் சொன்னால், "எந்த வண்டி பின்னால வந்தே?" என்றுதான் கேட்பேன். மேகம் மலைமேல் உட்காருகிறது, அதனால் மழையை மலைதான் செய்கிறது என்றாள் ஒரு சிறுமி. அவள் யோசித்து வந்த வழியே திரும்பி நடந்து பார்த்தோம். பாதி தூரம் சரியாகத்தான் வந்திருந்தாள். உன்னைப் போலவே.

தோகையை எடுத்துக்கொண்டு சந்தில் நடந்தேன். கொட்டகையில் இப்போது இரண்டு எருமைகள்தான். நீட்டினேன், ஒன்று வாங்கிக்கொண்டது. தோகை, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நானும் அப்படித்தான்.