கட்டிலின் நடுவில் ஒரு தலையணை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ சுகம்தானே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. சுகமில்லை என்று தெரிந்த பிறகு அதைக் கேட்பது என்ன நியாயம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா, அதை மட்டும் சொல், போதும். போனில் பேசலாம்தான், ஆனால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், நானும் வைத்துவிடுவேன். காகிதம் என்றால் நடுவில் யாரும் வைத்துவிட முடியாது, அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டை விற்கப் போகிறோம் அம்மா, நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பிரிவதென்று முடிவெடுத்தாகிவிட்டது, உன் வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்வாயோ அதையே எனக்கும் சொல்லு, அப்பாவிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று நீ அனுப்பிய செய்தி வந்தபோது நான் ஒரு புது அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில், சாப்பாட்டு மேசை மேல் நான்கு பேருக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். நம் தொழில் உனக்குத் தெரியாததா. யாருமே குடியிருக்காத வீடு, சோபா நம்முடையது, திரைச்சீலை நம்முடையது, தட்டும் கிண்ணமும் நம்முடையது, வாங்க வருகிறவர் கதவைத் திறந்ததும் இங்கே ஒரு குடும்பம் சிரித்துப் பேசி வாழ்கிறது என்று தோன்ற வேண்டும். விற்றதும் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். உன் செய்தியைப் படித்துவிட்டு நான்காவது தட்டைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டேன். அப்பா ஏணி மேல் நின்று திரைக்கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று மேலேயிருந்தே கேட்டார். நம்ம நாளைக்காரர் போன், வேறு என்ன என்று சொல்லிவிட்டேன். அது யார் என்று நீ கேட்பாய், எது கேட்டாலும் நாளைக்கு என்று சொல்லும் வீட்டு புரோக்கர் ஒருவர் நமக்குப் புதிதாக வாய்த்திருக்கிறார், அப்பா வைத்த பெயர். பொய்யை அவர் தலையில் கட்டிவிட்டுப் படுக்கையறைக்குள் போனேன். கட்டிலுக்கு விரிப்புப் போட்டேன், தலையணை வைக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறேன் பாரம்மா என்று வீடு முழுக்க போனைச் சுற்றிக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா. உன் பெரிய கட்டிலில் சரியாக நடுவில் ஒரே ஒரு தலையணை கிடந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்து வேலை செய்கிற சின்ன அறையில் தரையில் ஒரு மெத்தை, அதன் மேல் மடிக்காத போர்வை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், அவருடைய கண்ணாடி, அலாரம் கடிகாரம். இத்தனையும் பார்த்தேன் பாப்பா. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறவள் நான். அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்ததும் இந்த வீட்டில் பிள்ளைக்கு இருட்டென்றால் பயம், இந்த வீட்டில் மாமியாருக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடுவேன். குளியலறையில் இரண்டு பற்பசை இரண்டு மூலையில் இருந்தால் புருஷனும் பெண்சாதியும் பேசுவதில்லை என்று அப்பாவின் காதில் சொல்வேன், அது அப்படியே இருக்கும். உன் வீட்டில் அவ்வளவையும் பார்த்துவிட்டு நான் என்ன சொன்னேன்? நடுவில் ஒற்றைத் தலையணை வைத்தால் கட்டில் சின்னதாகத் தெரியும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நிமிர்த்தி வை என்றேன். அந்த மெத்தையைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வை, அறை விசாலமாகத் தெரியும் என்றேன். நீ சிரித்துவிட்டு, சரிம்மா என்றாய்.

மறுநாளே நான்கு தலையணை வைத்துப் படம் எடுத்து அனுப்பினாய். அதை நான் சும்மா விட்டேனா. வீட்டைத் தயார் செய்வதற்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடு, ஆயிரம் விளம்பரம் செய்யாததை அது செய்யும் என்று நம் தொழிலுக்கு இணையப் பக்கம் தொடங்கிக் கொடுத்து நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அந்தப் பாடத்தை உன்னிடமே காட்டினேன். நீ போனைச் சுற்றிக் காட்டியபோது நான் பிடித்து வைத்த ஒற்றைத் தலையணைப் படத்தையும் நான்கு தலையணைப் படத்தையும் சேர்த்துப் போட்டு, செலவே இல்லாமல் ஒரு படுக்கையறையை மாற்றலாம் என்று கீழே எழுதினேன். ஊரார் கைதட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் ஒரு கட்டடக்காரர் கூப்பிட்டு இந்த அடுக்குமாடி வேலையைக் கொடுத்தார். என் மகள் தனியாகப் படுத்திருந்த கட்டிலைக் காட்டி நான் வேலை பிடித்திருக்கிறேன். அந்தச் சின்ன அறையில் யார் படுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். ஒருவேளை நான் கேட்பேன் என்றுதான் அந்த அறைக்குள்ளும் போனைக் கொண்டு போனாயோ என்னவோ. இணையப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். கட்டடக்காரர் எங்கே காணோம் என்று கேட்டார், பழசாகிவிட்டது என்றேன்.

நீங்கள் பிரிவது சரியா தப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் வருகிறது, உடனே அவர் இங்கே வந்திருந்தபோது வேனைச் சரிசெய்ய அப்பாவோடு அதன் அடியில் படுத்து மேலெல்லாம் கரி பூசிக்கொண்டது ஞாபகம் வருகிறது, கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளே இருந்து வாழ்ந்தவள் நீ. உனக்குத் தெரியும்.

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். சாமான்களை முதலில் வெளியே எடுத்துவிடாதே. காலியான வீட்டில் சுவரின் விரிசல்தான் கண்ணில் படும், வருகிறவன் விலையைக் குறைப்பான். மாப்பிள்ளை தன் பொருள்களை எடுத்துக்கொண்டு போவதானால் வீடு பார்க்க வருகிறவர்கள் வந்து முடியும் வரை அலமாரியில் பாதியை மட்டும் காலியாக விடாதே, உன் துணியை இடைவெளி விட்டுத் தொங்கவிடு. பாதி காலியான அலமாரியைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும், கதை தெரிந்தால் அவசரத்தில் விற்கிறாள் என்று பேரம் பேசுவார்கள். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் வேலை மாற்றம் என்று சொல், மேலே பேசாதே. குடும்பப் படங்களை எடுத்துவிட வேண்டும். இதை நான் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், வாங்க வருகிறவர் தன் முகத்தைத்தான் அந்தச் சுவரில் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று. உனக்குச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று தெரிகிறது. கிழிக்காதே, யாரிடமும் கொடுக்காதே, கல்யாணப் படத்தையும் சேர்த்து ஒரு பழைய போர்வையில் சுற்றி மேல்தட்டில் வை. எது யாருக்கு என்று மனசு ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேருக்குத் தட்டு வை. இல்லை, வேண்டாம், பூ ஜாடி மட்டும் வை, போதும். அவர்கள் சுற்றிப் பார்க்கும்போது நீ வீட்டில் இருக்காதே. உன் முகத்தைப் பார்த்தால் எந்த வீடும் விலை போகாது.

இப்போது அப்பா விஷயம். நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை, சத்தியம். அன்றைக்குத் தலையணையை நீங்களே வையுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் கீழே வேனில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் வைத்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே, சந்தைக்கு வந்த மூட்டை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கும். நான் மறுபடி மேலே போய்ப் பார்க்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அவர் வேனை எடுத்தார். பாதி வழியில், பாப்பாவுக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். முப்பது வருஷமாக ஒரு தலையணையைக்கூடக் கோணலாக விட்டுவிட்டு வராதவள் நீ, ஒன்றுமில்லை என்றால் நான் நம்ப வேண்டுமா என்றார். நான் அழுதேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை, வண்டியைக்கூட நிறுத்தவில்லை. ஆகவே அவருக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரிதான் இருப்பார், நீயும் அப்படியே இருந்துகொள்.

விற்ற பிறகு அங்கேயே ஒரு அறை வாடகைக்குப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்ச நாளைக்காவது இங்கே வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாய் துடிக்கிறது, ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நான்கு நாளாகத் தவித்தேன். நீ கல்யாணமாகிப் போன அந்த வருஷமே உன் அறையில் குஷன் மூட்டைகளை வைக்க ஆரம்பித்தோம். அப்புறம் விளக்குகள், அப்புறம் சுருட்டிய கம்பளங்கள், போலிச் செடிகள், பிரித்துப் போட்ட இரண்டு கட்டில். குடோன் வாடகை மிச்சம் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். கடைசியாக நீ வந்திருந்தபோது கூடத்தில் சோபாவில் படுத்துத் தூங்கினாய், பரவாயில்லைம்மா என்றாய். ஊரில் உள்ளவர்கள் வீட்டையெல்லாம் வா வா என்று கூப்பிடுகிற மாதிரி செய்து கொடுத்தேன், என் பெண் வந்தால் கால் நீட்ட ஓர் இடம் வைக்கவில்லை.

நேற்று நான் கட்டடக்காரரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அப்பா, நான் சொல்லாமலே, தனி ஆளாக உன் அறையிலிருந்த அத்தனையையும் வெளியே எடுத்துவிட்டார். சாமான் எல்லாம் வாசலில் வேனுக்குள் அடைந்து கிடக்கிறது, குடோன் பார்க்க வேண்டும், அது வேறு தலைவலி. தரையைக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அறையைப் பார்த்தேன், என் புத்தி எங்கே போகும், வெள்ளை விரிப்பும் அந்த மஞ்சள் விளக்கும் போட்டால் நன்றாயிருக்கும் என்று வேனிலிருந்து எடுக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ எதையும் அடுக்காத. அவ வந்து அவ இஷ்டப்படி போட்டுக்கட்டும்" என்றார். விளக்கை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அறை அப்படியே காலியாக இருக்கிறது பாப்பா, நான் கை வைக்கவில்லை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன்னோடு எப்போதும் உண்டு. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டு, மறக்காதே. டிக்கெட் எடுத்தால் எனக்குச் சொல்லாதே, அப்பாவிடம் சொல், அவர் அதைக் கேட்கத்தான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன்னைக் கேட்காமல் விட்ட
அம்மா