போகமாட்டாள் என்றான்

1996, மார்ச் 4, திங்கள்
காலையில் கம்ப்யூட்டர் சர்வர் மறுபடி படுத்துவிட்டது. கிள்ளான் அலுவலகம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு என் முதுகையே பார்த்தது. மதியத்துக்குள் எழுப்பிவிட்டேன். "தேங்க்ஸ் லா, மலர்," என்றார் மேனேஜர் சண்முகரத்தினம்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வரலாறு. இந்தக் கம்ப்யூட்டர் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

மார்ச் 12
எனக்கு உதவியாளராக வாலண்டைன் சேர்ந்திருக்கிறான். கம்ப்யூட்டர் டிப்ளோமா. நான்தான் பழக்க வேண்டும். மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே புலம்பினான்: "ஆயிரத்து அறுநூறு ரிங்கிட்தான் கொடுக்குறாங்க, அக்கா. கம்மி லா. உங்களுக்கு ரெண்டாயிரத்து ஐநூறாவது இருக்கும், இல்ல?"

சிரித்து வைத்தேன்.

எனக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது.

மார்ச் 14
பத்திரிகை விளம்பரங்களில் என் வேலைக்கு இரண்டாயிரத்துக்கு மேல். ஆனால் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் பட்டம் கேட்கிறார்கள். இல்லாத பட்டத்துக்கு எவ்வளவு கழிப்பது? சம்பளம் எதற்கு — தெரிந்ததற்கா, தெரியும் என்ற காகிதத்துக்கா?

கழித்துப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூறு.

லெஸ்லியிடம் சொன்னேன். அவன் இங்கேயே கணக்குப் பிரிவில். டிசம்பரில் எங்களுக்குக் கல்யாணம். "கேளு. ஆனா சண்டை போடாதே," என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மார்ச் 18
கேட்டேன். சண்முகரத்தினம் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"அங்கிள் மாதிரி சொல்றேன், மலர். வாலண்டைன் நாளைக்கே வேற இடத்துக்கு ஓடிடுவான், அதான் அவனுக்கு அந்தச் சம்பளம். நீ எங்கேம்மா போகப் போற? லெஸ்லியே சொன்னான், அவ போகமாட்டா பாஸ், கல்யாணத்துக்கு அப்புறமும் இங்கதான்னு."

"எப்ப சொன்னான்?"

"போன வருஷம், உன் இன்கிரிமென்ட் போடறப்ப. நான்தான் கேட்டேன்."

மார்ச் 19
லெஸ்லி மறுக்கவில்லை.

"நல்லதாத்தானே சொன்னேன்? நம்பிக்கையான ஆளுன்னு. பெருமையாச் சொன்னேன், மலர்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஏன், நீ போவியா?"

போகமாட்டேன்தான். அவன் இருக்கான்னுதான் இங்கயே கிடந்தேன். ஆனா அது அவனுக்குக் கொடுத்தது. அதைத் தூக்கிக் கம்பெனிக்கு இனாமாக் கொடுத்துட்டானே —

ஏப்ரல் 2
நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கழற்றச் சோப்பு போட வேண்டியிருந்தது.

"சம்பளத்துக்காகவா?" என்றான் லெஸ்லி. அழுதுகொண்டிருந்தான்.



ஏப்ரல் 29
கோலாலம்பூர் பங்சாரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. உர்சுலா என்ற அம்மாள். கம்ப்யூட்டர் பட்டம் இல்லை என்பதை நானே முதலில் சொல்லிவிட்டேன். என்னென்ன செய்திருக்கிறேன் என்று நிதானமாகக் கேட்டார்.

"சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"இரண்டாயிரத்து இருநூறு." எதையும் கழிக்கவில்லை.

பேனா நின்றது. "கல்யாணம் ஏதும் பேசியிருக்கா? நடுவுல நின்னுட மாட்டீங்களே?"

"இல்லை. எதுவும் இல்லை."

கல்யாணம் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் தொகையை எழுதிக்கொண்டார். பேரமே பேசவில்லை. ஜூன் முதல் தேதி வரச் சொன்னார்.

வெளியே நல்ல வெயில். பிரிக்பீல்ட்ஸ் போகும் என் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. "எதுவும் இல்லை" என்று மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.