படகின் அடியில் நீ வெட்டிய படி

செஞ்சி,
தை மாதம்.

என் ஆசை அண்ணனுக்கு,

உன்னைக் காக்க வைத்துச் சேதி சொன்னால் உனக்குப் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் படகு ஓடிவிட்டது அண்ணா. பக்கத்தில் வந்த பழைய படகைப் பின்னால் தள்ளிவிட்டு ஓடியது. நான் கரையில் நின்று கண்ணால் பார்த்தேன்.

நீ போய் ஒரு வருஷம் நிறைகிறது. இதை எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். "செஞ்சிக்காரனுக்குக் கடலைப் பத்தி இன்னா தெரியும்?" என்று உன்னைக் கேட்டவர்களும் படிக்கட்டும்.

நைனாவின் மளிகைக் கடையில் உட்காராமல் நீ புதுச்சேரிக்குப் போய்ப் படகுப் பட்டறையில் தச்சனாகச் சேர்ந்தபோது வீட்டில் எவ்வளவு சண்டை! பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ப் பத்து வருஷம்கூட ஆகாத ஊர். அங்கே ஏதோ கப்பலிலிருந்து இறக்கி, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு விசைப்படகைப் பார்த்துவிட்டு வந்தாய். அதன் அடிப்பாகம் வழவழவென்று ஒரே சீராக இல்லாமல், நடுவில் குறுக்கே ஒரு படி இறங்கி இருந்ததாம்.

"வேகமாப் போவணும்னா அடி வழுவழுன்னு இல்ல இருக்கணும்? எவனாவது குறுக்க படி வெட்டுவானா தனம்?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? ஆனால் அன்று முதல் எனக்கும் தூக்கம் போயிற்று.

கல்யாண முருங்கைக் கட்டையில் முழ நீளத்துக்கு இரண்டு படகு செதுக்கினாய். ஒன்றின் அடி சமம், மற்றதில் குறுக்கே படி. ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் அவற்றைக் கட்டி, குச்சியின் நடுவில் கயிறு போட்டாய். தண்ணீர் எந்தப் படகை அதிகமாகப் பிடித்து இழுக்கிறதோ அது பின்தங்கும், குச்சி அந்தப் பக்கம் சாயும். சிங்கவரம் ஏரிக்கரையில் நீ சைக்கிளை மிதிக்க, உன் பின்னால் ஏரிப் பக்கமாக நீட்டிக் கட்டிய மூங்கிலின் நுனிக் கயிற்றில் படகுகள் தண்ணீரில் வந்தன. ஒவ்வொரு தடவையும் படி வெட்டிய படகுதான் பின்தங்கியது.

"இன்னும் வேகமா இழுத்தா?" என்றாய். உன் கால்களுக்கு அதற்கு மேல் வேகம் வரவில்லை. என்ன ஆகும் என்பது தெரியாமலேயே நீ பட்டறைக்குத் திரும்பிப் போனாய்.

அதற்குப் பிறகுதானே பட்டறைக்கு ஒரு பெரிய படகு கட்டும் வேலை வந்தது? தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர ஒரு படகு வேண்டும் என்று துறைமுகத்துக்காரர்கள் கேட்டிருந்தார்கள். எஞ்சின் வேகத்தில் படிதான் முந்தும், படி வைத்துக் கட்டலாம் என்று நீ முதலாளியிடம் மன்றாடினாய். உன் பேச்சை நம்பி அவரும் கட்டினார். ஆனால் அது பட்டறையில் இருந்த, அடி சமமான பழைய படகைவிட மெதுவாகப் போயிற்று. வாங்க வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டார்கள். படகைப் பட்டறை மூலையில் கவிழ்த்துப் போட்டார்கள்.

மஞ்சள்காமாலையோடு நீ வீட்டுக்கு வந்து படுத்தபோதும் அதையேதான் கேட்டாய். "ஏன் தனம் பின்னால இழுத்துச்சு?" கஞ்சியை ஊட்டிக்கொண்டே, "அப்புறம் பாக்கலாம்ணா, நீ குடி" என்றேன். குடித்தாய். அந்த வாரமே போய்விட்டாய்.

இந்தக் கார்த்திகையில் நல்ல மழை. ஏரி கரை தொட்டு நின்றது. கடைவீதியில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் என் வீட்டுக்காரர், உன் மச்சான் ஒருவர்தானே? அவரிடம் கேட்டேன்.

"இன்னா தனம், பொம்மைப் படகை இழுக்கவா வண்டி வாங்கினேன்? ஊரே பாக்கும்."

"பாக்கட்டுமே. எங்கண்ணன் கேட்டது அப்படியே நிக்குது."

வண்டிக்குக் குறுக்கே மூங்கிலை அவரே கட்டினார். நான் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், படகுகளைப் பார்க்க வேண்டுமே! துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

முதலில் மெதுவாகப் போனார். நீ கண்டதேதான், படிப் படகு பின்தங்கியது. "இன்னும் வேகமா!" என்று கத்தினேன். வண்டி உறுமியது. இரண்டு படகும் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேலேறி ஓட ஆரம்பித்தன. அப்போது குச்சி மெல்லத் திரும்பியது அண்ணா. படிப் படகு முன்னால் போயிற்று! நான் போட்ட கூச்சலில் உன் மச்சான் பயந்து பிரேக்கைப் பிடித்துவிட்டார்.

மறுபடியும் ஓட்டினோம். திடீரென்று ஒரு தடவை அது பின்தங்கியது. எடுத்துப் பார்த்தால், படியின் இரண்டு ஓரத்திலும் பாசி அப்பிக்கொண்டிருந்தது. வழித்துப் போட்டுவிட்டு ஓட்டினோம், முன்னால் போயிற்று. வேண்டுமென்றே களிமண்ணால் ஓரத்தை அடைத்தேன், பின்தங்கியது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வேகமாகப் போகும்போது தண்ணீர் அந்தப் படியின் விளிம்பை விட்டுப் பிரிகிறது. பிரிந்த இடத்துக்குள் பக்கவாட்டிலிருந்து காற்று நுழைகிறது. படகின் அடியில் கொஞ்ச இடம் தண்ணீரைத் தொடாமலேயே போகிறது. தொட்டால்தானே தண்ணீர் பிடித்து இழுக்கும்? மெதுவாகப் போனால் தண்ணீர் பிரிவதில்லை, படியே பாரமாகிவிடுகிறது. காற்றுக்கு வழி இல்லாவிட்டாலும் அதே கதைதான். கூழாங்கற்களை ஏற்றியும் பார்த்தேன். பாரம் கூடக்கூட முந்துவது குறைந்தது, கடைசியில் முந்தவே இல்லை.

அடுத்த வாரம் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். உன் முதலாளி என்னை உட்காரச் சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஏரியில ஓடுச்சும்மா, சரி. எங்களுக்கு ஓடலியே?" என்றார்.

"படகை ஒரு தடவை பாக்கலாமா?" என்றேன்.

மூலையில் கவிழ்ந்து கிடந்தது. தூசிக்கு நடுவிலும் நீ வெட்டிய படி அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. கையால் தடவிக்கொண்டே ஓரத்துக்கு வந்தேன். கை இடித்தது. கரையில் உரசினால் அடிபடாமல் இருக்க, படகின் விளிம்பு நெடுக ஒரு மரச்சட்டம் அடித்திருந்தார்கள். அந்தச் சட்டம் படியின் இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டிருந்தது.

"இங்க காத்து போற வழி அடைச்சிருக்குதே!" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். அடைபட்ட இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "படகைக் காப்பாத்தத்தானம்மா அடிச்சோம். அவனும் பக்கத்துலதான் நின்னான். யாருக்கும் தோணல" என்றார். உளியைக் கொண்டுவரச் சொன்னார். படி வரும் இடத்தில் மட்டும் சட்டத்தை அவரே வெட்டி எடுத்தார்.

ஆற்றுமுகத்தில் இறக்கினார்கள். பழைய படகில் இருப்பதும் இதே மாதிரி எஞ்சின்தான். கிளம்பும்போது உன் படகு சோம்பியது, பழையது முந்தியது. பிறகு எஞ்சின் சத்தம் மாறியது. உன் படகு எழும்பிக்கொண்டு, பழைய படகை எட்டிப் பிடித்து, தாண்டி, போய்க்கொண்டே இருந்தது. முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உன் மச்சான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். எனக்குப் பக்கத்தில் நீ இல்லையே என்றுதான் இருந்தது.

வேண்டாம் என்றவர்கள் மறுபடியும் வந்து பார்த்து, எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். நைனாவிடம் சொன்னேன். கடையில் ஆள் நிற்கும்போதே எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவன் பேரை அதுல எழுதுவாங்களா?" எழுதுகிறார்கள் அண்ணா.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று பழைய படகை முந்திவிட்டுக் கரைக்குத் திரும்பும்போது ஓட்டியவர் வேகத்தைக் குறைக்காமல் படகை வளைத்தார். அது வளையாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. கரையில் நின்ற நாங்கள் எல்லாரும் கத்திவிட்டோம். பழைய படகு அப்படிச் செய்வதில்லை. நேராக ஓடும்போது நல்லது செய்யும் காற்று, திரும்பும்போது படகின் பிடியை விட வைக்கிறதா? அல்லது ஒரு பக்கம் மட்டும் காற்றின் வாய் அடைபடுகிறதா? நீ இருந்தால் என்ன சொல்வாய்?

அது தெரியும்வரை, நோயாளியை ஏற்றிக்கொண்டு யாரும் அந்தப் படகை வேகத்தில் திருப்பக் கூடாது என்று முதலாளியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். உன் பேரைச் சுமந்து போகும் படகு ஒருவரையும் கடலில் கொட்டாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
தனம்