வியாழக்கிழமை நீ பேசப்போவது

மேக்கன், ஜார்ஜியா

அன்பு மகள் ஷனீஸுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையான பதில் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ சியாட்டிலிலிருந்து போனில் பேசியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் கீரையை வைத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்ததில் அது அடிப்பிடித்துவிட்டது, அப்பா அதையும் தட்டில் போட்டுச் சாப்பிட்டார், அதுவும் எனக்குக் கோபம். பெற்ற தாயிடம் “நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு மிக்க நன்றி” என்கிறாயே, அந்த ஆபீஸ் குரலை வீட்டுக்கு வந்தும் கழற்றி வைக்க முடியவில்லையா? அப்பா போனை என்னிடம் நீட்டி, “யாரோ பேங்க்ல இருந்து பேசுறாங்க, என்னன்னு கேளு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தில் கணக்கு தப்பு என்று நீ சொன்னால் “பேச்சில் கடுமை” என்று வருட மதிப்பீட்டில் எழுதுகிறார்கள், அதையே உன்னோடு வேலை பார்க்கும் அந்த கிரெக் மேசையைத் தட்டிச் சொன்னால் துணிச்சல்காரனாம். அதற்கப்புறம்தான் உன் குரல் இப்படி ஆனது.

இப்போது உன் மேலாளர் கரோலின், கறுப்பினப் பெண்களுக்கு இந்த ஆபீஸ் இதமாக இருக்க என்ன செய்யலாம், வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல் என்கிறாளாம். அங்கே கறுப்பினப் பெண் என்று இருப்பதே நீ ஒருத்திதான். நீயோ, “எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு உக்காந்துடுவேம்மா, எதுக்கு வம்பு” என்கிறாய். ஆர்லீன் அத்தையும், “நல்ல வேலை, வாயக் கொடுத்துக் கெடுத்துக்க வேணாம்னு சொல்லு அண்ணி” என்கிறாள். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் நான் சர்ச் வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறவள். வாங்க வாங்க என்று பல்லைக் காட்டினால் போதாது, உள்ளே கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும், பெஞ்சில் பரப்பி உட்கார்ந்திருப்பவர்களை நகரச் சொல்ல வேண்டும், அவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். கரோலினிடம் அப்படி ஓர் இடத்தைக் கேள். “நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே வராதீர்கள், அந்த மதிப்பீட்டைத் திருத்துங்கள்” என்று சொல். பிறகு இதற்கொரு குழு என்று அந்த வேலையையும் உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள், சம்பளமில்லாமல் ஒத்துக்கொள்ளாதே.

கர்த்தர் உன் நாவில் இருப்பாராக. தலைக்கு எண்ணெய் வை, முடி உடையாமலிருக்கத் தலையில் பட்டுத்துணி கட்டாமல் படுக்காதே. வியாழன் சாயங்காலம் போன் பண்ணு. அழு, கத்து, யாரையாவது திட்டு, எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றி என்று மட்டும் சொன்னாயானால் வெள்ளிக்கிழமை உன் ஆபீஸ் வாசலில் நான் நிற்பேன், என் குரலை அவர்கள் இன்னும் கேட்டதில்லை.

உன் அம்மா,
வெர்னெட்டா ப்ரூயிட்