தூளுக்கு ஏற்ற படம்

நேற்று மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கான படம் வந்தது. வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். செய்து கொண்டுவந்தவள் உன் தங்கை. நீ கண்ணை மூடிய பிறகு உன் டிசைன் கடையை அவள்தான் நடத்துகிறாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

படம் மோசமில்லை. முண்டு மிளகாயைக் காதருகே பிடித்திருக்கும் பெண். எட்டு வருடத்துக்கு முன் என் மிளகாய் பாக்கெட்டுக்கு நீ வரைந்தவள். அவளையே உன் தங்கை சிவப்புத் தாளில் போட்டு, கீழே மிளகாய்த்தூள் என்று எழுதியிருந்தாள். அச்சு மை வாசனை மூக்கில் ஏறியதும் உன் கடைக்குள் நிற்பது போலவே இருந்தது.

அந்தப் படம் வந்த கதை எனக்குத் தெரியும். ஊர் ஊராகச் சைக்கிளில் மிளகாய் விற்ற நான், ராமநாதபுரத்தில் சொந்தக் கடை போட்டிருந்த சமயம். பாக்கெட்டுக்கு நான் கேட்டது இவ்வளவுதான்: கும்பிட்டபடி என் போட்டோ, பின்னால் தீ, பக்கத்தில் மிளகாய்.

"ஏலே, உன் மூஞ்சியப் பாத்தா மிளகா வாங்குவாக? உன் பொஞ்சாதியே வாங்க மாட்டா" என்றாய்.

"எல்லாரும் அப்படித்தானப்பா போடுறாக."

"அதான் எல்லாரும் போட்டாச்சுல்ல. நீ வேற எதுக்கு?"

கம்ப்யூட்டரை நீ தொடவே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கினாய். "மொதல்ல வார பத்துப் படமும் எங்கயோ பாத்ததா இருக்கும். அது தீந்த பெறகுதான் நம்மளோடது வரும்" என்றாய். பத்தும் தீர்ந்தது, ஒன்றும் வரவில்லை. மறுநாள் என் கடையில் மூட்டைமேல் வந்து உட்கார்ந்தாய். பாம்பன்காரனுக்கு மீன் பார்க்கத் தெரியும், மிளகாயில் என்ன தெரியும் என்று கேலி செய்தேன். மத்தியானம் வரை மிளகாய் வாங்க வந்த பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்: "ஏலே, இந்தப் பொம்பளைக எதுக்கு மிளகாயக் காதுல வச்சுப் பாக்குறாக?"

நன்றாகக் காய்ந்த முண்டு மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். ஈரம் இருந்தால் சத்தம் வராது. தினம் பார்க்கிற எனக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. நீ பத்திரிகையைத் திருப்பினாய். அந்தப் பெண் வந்துவிட்டாள்.

சரி, தூளைக் காதில் வைத்தால் என்ன கேட்கும்?

உன் தங்கையிடமும் இதைத்தான் கேட்டேன். "இதெல்லாம் யாருண்ணே பாக்கப் போறா? வெள்ளிக்கிழமை மதுரைக்காரக கேப்பாகள்ல" என்றாள். நியாயம்தான். மதுரையில் ஒரு பெரிய கடையில் நம் தூளுக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் அரவை மெஷினே வாங்கிப் போட்டேன். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் காதில் வைத்துப் பார்த்து வாங்குகிறவளிடம் பொருந்தாத படத்தைக் காட்டி விற்க முடியாது.

அங்கேயே நின்று மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

"ஒரு படத்துக்கா அண்ணாச்சி ஒரு வாரம்?"

"படத்துக்குத்தான்."

சிரித்துவிட்டுத் தந்தார். அதற்குமேல் ஒரு நாள் தாண்டினாலும் தட்டு வேறு ஆளுக்கு என்றார்.

உன் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எங்கண்ணனுக்கு வந்தது எனக்கு வராதுண்ணே."

"அவனுக்கும் சும்மா வரலம்மா. உக்காந்து பாத்தான், வந்துச்சு."

இன்று காலை சந்தையில், தூள் விற்கிற இடத்தில் இருவரும் நின்றோம். ஒருத்தி சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து நிறம் பார்த்தாள். இன்னொருத்தி மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினாள். உன் தங்கை பென்சிலை எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். "அங்கிட்டுப் போங்கண்ணே" என்று தாளை மறைத்துக்கொண்டாள். அதட்டலில் உன் சாயல்.

நீ அன்று மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தது போல்தான் இப்போது நானும் நின்று பார்க்கிறேன். இந்த ஒரு வாரத்தில் சரியான படம் வராமல் விடமாட்டேன். அவளோடு பேசி முடித்தது இதுதான்: படத்துக்கு ஆறாயிரம். சந்தையில் நின்று பார்க்கிற நாளுக்குத் தனியாக எழுநூறு, அன்று ஒரு கோடுகூட வரையாவிட்டாலும்.