இடது காது

ஜூலை 15, செவ்வாய்

காவ்யாவின் அப்பா இன்று பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு, நான் விடுமுறைக்கு வந்திருக்கும் எங்கள் வீட்டுக்கு இனிப்போடு வந்தார். அமெரிக்காவில் ஒரே கல்லூரியில் படிக்கும் காவ்யாவும் நானும் அங்கேயே வேறொரு கல்லூரிக்கு மாற விண்ணப்பித்திருந்தோம். அவளுக்கு முழு உதவித்தொகை. எனக்கு இடம் மட்டும். உதவித்தொகை இல்லாத இடத்தை நான் என்ன செய்வது?

அவர் கையில், விண்ணப்பத்தோடு அவள் அனுப்பிய ஆங்கிலக் கட்டுரை இருந்தது. "என்னயப் பத்தி எழுதித்தான் வாங்குச்சாம். தமிழ்ல சொல்லும்மா."

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் அப்பா. வெடிச் சத்தத்தில் இடது காது போனதால் மகள் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் நடப்பாள். எல்லாம் என் வரிகள். அனுப்புவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லச் சொல்லி நான்தான் அவளிடம் கொடுத்தேன். அவள் எனக்கு முன்பே அனுப்பிவிட்டாள். அங்கே இரண்டு கட்டுரைகளையும் வாசித்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்.

ஒரு வரி விடாமல் சொன்னேன்.

காவ்யாவின் அப்பா உரக்கடை வைத்திருப்பவர். "நான் சொரங்கத்துப் பக்கமே போனதில்லையே" என்றார். பிறகு, வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்துத் தலைகுனிந்தார்.

அப்பா சொன்னார்: "புள்ளைங்க கொஞ்சம் கூட்டித்தாங்க எழுதும். நீங்க காபிய குடிங்க."

அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பாவுக்கு இடப்பக்கமாக நடந்தேன்.

"அவள விட்டுக்குடுக்காம என்னைய விட்டுக்குடுத்துட்டீங்களேப்பா."

வீடு வரைக்கும் அந்தக் காதிடமே சொல்லிக்கொண்டு வந்தேன்.