தலைகீழாக நிற்கும் உன் கல்

யூசுப், என் அருமை மச்சானே,

உன் தலைமாட்டில் கல் நட்டுவிட்டார்கள். கடையில் வாங்கிய கல் இல்லை. கல்லூரியில் நிலவியல் படித்தபோது விருத்தாசலம் பக்கத்துப் பள்ளத்தில் எடுத்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தோமே, அந்தச் சிவப்பு மணற்கல்தான். இத்தனை நாளும் உங்கள் கடைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

அதைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள், யூசுப்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்றோ ஓடிய ஆறு மணலைச் சாய்வாகத் தள்ளித் தள்ளிப் போட்ட வரிகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் அடியில் வளைந்து படுக்கும்; மேல்முனையை அடுத்து வந்த வெள்ளம் சீவிவிட்டுப் போயிருக்கும். இப்போது சீவிய முனை கீழே இருக்கிறது, வளைந்த அடி வானத்தைப் பார்க்கிறது. கல்வராயன் மலையின் கருங்கல்லைப் பார்த்தே வளர்ந்த ஊரில், இதற்குத் தலை எது கால் எது என்று யார் தேடப்போகிறார்கள்? தேடுகிற ஒருத்தன் நீ. நீதான் கீழே கிடக்கிறாய்.

உன் அத்தா பக்கத்தில் நின்றார். "கொத்தனாரு வேற கல்லு வெக்கலாம்னாரு. நான்தான் கேக்கல. அவன் தொட்டுத் தொட்டுப் பாத்த கல்லு. நானே புடிச்சி நட்டேன். நல்லாகீதாப்பா?"

கையைக் கல்லிலிருந்து எடுக்கவே இல்லை அவர்.

"நல்லாகீது மாமா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நீயாக இருந்தால் விட்டிருப்பாயா? அந்தப் பள்ளத்தில் தலைகீழாகப் புரண்டு கிடந்த ஒரு பாறை முன்னால் மல்லாந்து படுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, "மச்சான், இப்டிப் பட்த்துப் பாருடா, ஆறு நேரா ஓடுது!" என்று கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் சட்டை முதுகெல்லாம் செம்மண். நான்தான் தட்டிவிட்டேன்.

சின்னசேலத்தில் ரயில் பிடிக்க பைக்கில் கிளம்பியவன், வழியிலேயே போய்விட்டாய். நீ போன பிறகு கோமுகி ஆற்றில் வெள்ளம் வடிந்து, கச்சிராயபாளையத்துக் கரை புதிதாக அறுந்திருக்கிறது. மணல் வரிகள் பளிச்சென்று தெரிந்தன. சட்டென்று போனை எடுத்துவிட்டேன். யாருக்குப் போடுவது? இறங்கிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். ஆறு எந்தப் பக்கம் ஓடினால் எனக்கென்ன இனிமேல்?

நேற்று தனியாக வந்தேன். உன் பக்கத்தில், கல்லுக்குத் தலைவைத்து மல்லாந்து படுத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஆறு நேராக இருந்தது. நீ கிடக்கிற கிடப்புக்கு மாமா சரியாகத்தான் நட்டிருக்கிறார், யூசுப். எனக்குத்தான் அங்கேயே அழுகை வெடித்துவிட்டது.

மாமாவிடம் சொல்ல மாட்டேன். அந்தக் கல்லை யாரும் புரட்ட விடவும் மாட்டேன். இது சத்தியம். ஆனால் எழுந்து நின்றபோது என் முதுகெல்லாம் மண், மச்சான். தட்டிவிட ஆளில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

உன் மச்சான்,
சேகர்